அம்மாவின் அல்பிரசோலம்: திடீரென நிறுத்தலாமா, எப்படிக் குறைப்பது?

பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 64 வயது. அப்பா தவறிய பிறகு ராத்திரியில் தூக்கம் போய், நெஞ்சு படபடப்பும் எந்நேரமும் ஏதோ நடந்துவிடும் என்ற பயமுமாக இருந்தவருக்குக் குடும்ப டாக்டர் அல்பிரசோலம் 0.5 மி.கி. என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஆறு வருடமாக அதே மாத்திரை. இப்போது மெடிக்கலில் புதுச் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். இரண்டு நாள் போடாமல் இருந்ததில் கை நடுக்கம், வியர்வை, பொட்டுத் தூக்கம் இல்லை. பிறகு மனநல மருத்துவர் பழைய மாத்திரையையும் தொடரச் சொல்லி, கூடவே எஸ்சிடலோபிராம் என்ற புது மாத்திரையையும் எழுதினார். நாலே நாளில் படபடப்பு கூடிவிட்டது. அம்மா மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாரா, புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, தூக்கத்துக்கு வேறு மாத்திரை உண்டா, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநல ஓ.பி.யில் இருப்பவன். உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். அவசரமானதை முதலில் சொல்கிறேன். வருடக்கணக்கில் போட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கமும் தூக்கமின்மையும் அதன் லேசான முகம்தான். சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்கு மனம் குழம்பி இல்லாத உருவங்கள் தெரியும். அப்படி ஏதாவது ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

மெடிக்கல்காரர் மேல் கோபப்படாதீர்கள். அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்காக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் இருப்பவை. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், பார்த்திருப்பீர்கள். சீட்டு எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம் பழைய சீட்டுக்கே கொடுத்தார்களே, அதுதான் தவறு. இன்று மறுத்தது சரி. ஆனால் மறுத்த கையோடு, "இதைச் சட்டென்று நிறுத்தாதீங்க, உடனே டாக்டரைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சட்டம் கடையின் கதவை மூடுகிறது, நோயாளியின் உடம்புக்குள் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அல்பிரசோலம் பென்சோடயசெபைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மூளைச் செல்களின் கிளர்ச்சியை அடக்க உடம்பே சுரக்கும் காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இந்த மாத்திரை அதன் வேலையைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு அடங்கி, உடம்பு தளர்ந்து, கண் சொக்குகிறது. இந்தக் குடும்பத்தைவிட வேகமாகப் பயத்தை அடக்கும் மாத்திரை எங்களிடம் கிடையாது. நோயாளிக்குப் பிடித்துப்போவதும் டாக்டர் கை தானாக எழுதிவிடுவதும் அதனால்தான்.

நாளாக ஆக மூளை இதற்கு ஈடுகொடுக்கப் பழகுகிறது. காபாவுக்குக் காது கொடுக்கும் ஏற்பிகள் மந்தமாகின்றன. தூக்கம் தரும் குணம் சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். மாத்திரையை எடுத்துவிட்டாலோ, அடக்குகிற கை போய்விடுகிறது, மந்தமான ஏற்பிகள் மட்டும் மிச்சம். முன்பிருந்ததைவிட மோசமான படபடப்பு, முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும், "பாரு, மாத்திரை இல்லாம இவங்களால இருக்க முடியல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் நீங்கள் பார்த்தது அம்மாவின் நோயை அல்ல, மாத்திரை விலகியதன் விளைவை. அம்மா போதை தேடி அலையவில்லை, அளவைத் தானாகக் கூட்டவில்லை, எழுதிக் கொடுத்ததைப் போட்டார், உடம்பு பழகிவிட்டது. அவரை அடிமை என்று சொல்லி வருத்தப்பட வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய இளவயதினருக்குச் சுமார் 11 மணி நேரம் ஆகும், முதியவர்களுக்குச் சுமார் 16 மணி. ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் மறுநாள் சாயங்காலத்துக்குள் அளவு நன்றாக இறங்கியிருக்கும். அம்மாவுக்குத் தினமும் ஐந்து, ஆறு மணிவாக்கில் காரணமே இல்லாமல் ஒரு பதற்றம் வருமா, மாத்திரை போட்டதும் போய்விடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் அதில் ஒரு பங்கு அடுத்த மாத்திரைக்காக உடம்பு கேட்கிற கேள்வி. இதை நோய் முற்றுகிறது என்று நினைத்து 0.5ஐ 1 ஆக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

0.5 என்ற எண்ணும் ஏமாற்றும். புள்ளி ஐந்துதானே, சின்ன மாத்திரைதானே என்று தோன்றும். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளை விடுவிப்பதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டனின் அட்டவணைப்படி, அல்பிரசோலம் 0.5 மி.கி. டயசெபாம் 10 மி.கி.க்குச் சமம். டயசெபாம் பத்து என்றால் யாரும் சின்ன அளவு என்று சொல்ல மாட்டார்கள்.

இத்தனை தெரிந்தும் ஏன் இவ்வளவு தாராளமாக எழுதப்பட்டது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தூக்கத்துக்குக் கொடுத்தது பார்பிட்டுரேட்டுகளை. அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் ரோஷ் மருந்து நிறுவனத்தில் இருந்த லியோ ஸ்டெர்ன்பாக் சில வருடங்களுக்கு முன் தயாரித்துக் கிடப்பில் போட்டிருந்த ஒரு பொருள், 1957இல் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது கண்ணில் பட்டு, சோதனைக்குப் போனது. அதுதான் 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் முதல் பென்சோடயசெபைனாக வந்தது. 1963இல் வேலியம் என்ற டயசெபாம். பார்பிட்டுரேட்டோடு ஒப்பிட்டால் தனியாக அளவு மீறினாலும் உயிர் தப்ப வாய்ப்பு மிக அதிகம் என்பதால் மருத்துவ உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்த நிம்மதியில், உடம்பு பழகிவிடும் என்பதைக் கவனிக்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1988இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்றது. அமெரிக்காவில் பழக்கமும் விலகல் அறிகுறிகளும் பற்றிய கடும் எச்சரிக்கையை எல்லா பென்சோடயசெபைன் மருந்துக் குறிப்புகளிலும் சேர்க்கச் சொன்னது 2020இல்தான்.

சரி, எஸ்சிடலோபிராமுக்கு வருகிறேன். உங்கள் மருத்துவர் செய்தது சரியான காரியம். பதற்ற நோய்க்கு முதல் மருந்து எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், பராக்செட்டின் போன்ற, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் மாத்திரைகள்தான். அட்டையில் மனச்சோர்வு மாத்திரை என்று இருப்பதைப் பார்த்து, "எங்கம்மாவுக்கு டிப்ரஷன் இல்லையே" என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு நோய்க்குமே இவை வேலை செய்யும். அல்பிரசோலம் இன்றைய ராத்திரியைக் கடத்திவிடும். எஸ்சிடலோபிராம் அடுத்த வருடத்தை மாற்றும். ஆறு வருடத்துக்கு முன்பே இதைக் கொடுத்து, அல்பிரசோலத்தை முதல் சில வாரத் துணையாக மட்டும் வைத்திருந்தால் இன்று நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

முதல் வாரத்தில் படபடப்பு கூடுவது இந்த மாத்திரையின் அறியப்பட்ட குணம். பதற்றம் உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது என்பதுதான் கொடுமை. கூடவே குமட்டல், வயிறு கலங்கல், தலைவலி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அம்மாவுக்கு எடுத்த எடுப்பில் 10 மி.கி. எழுதியிருந்தால், 5 மி.கி.யில் ஆரம்பிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்ட பிறகு, காலையில் போடட்டும், ராத்திரி போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் பாதியில் நிறுத்த மாட்டார்கள். நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமாவது தொடர வேண்டும். விடும்போது இதையும் படிப்படியாகத்தான் விட வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

அம்மாவின் வயதில் நான் பயப்படுவது சோடியத்துக்கு. எஸ்சிடலோபிராம் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும். பிரஷருக்கு நம் ஊரில் சகஜமாக எழுதும் டெல்மிசார்டன்-எச் போன்ற கூட்டு மாத்திரைகளில் அந்த எச் ஒரு நீர் பிரிக்கும் மருந்து, அதுவும் சோடியத்தை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் அம்மா சோர்ந்து, நடை தள்ளாடி, பேச்சில் குழம்பி நிற்பார், வீட்டில் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை எடுத்துவிடுங்கள். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறாரா, இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறாரா என்றும் சொல்லுங்கள், சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும்.

கடையில் எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகிறது. ஆரம்ப வாரங்களின் படபடப்பைத் தாண்ட வசதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளோனசெபாமும் பென்சோடயசெபைன்தான். ஒன்றைக் குறைத்து மற்றதைத் தொடர வேண்டிய நேரம் வரும்போது மாத்திரையைப் பிரிக்க வழியே இருக்காது. தேவையென்றால் தனித்தனியாக எழுதித் தரக் கேளுங்கள்.

அல்பிரசோலத்தை எப்போது குறைக்க ஆரம்பிப்பது? புது மாத்திரை ஊன்றும் வரை, அதாவது ஆறிலிருந்து எட்டு வாரம், பழையது இப்போதுள்ள அளவிலேயே இருக்கட்டும். பிறகு மெதுவாக. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம், எப்படியும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்கிறது. நடைமுறையில் நான் செய்வதில் படிகள் இதைவிடப் பெரியவை, அதனால் உங்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்: 0.5ஐ 0.25 மாத்திரைகளாக மாற்றி எழுதிவிடுவேன். இரண்டு மாத்திரை, பிறகு ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது மூன்று, நாலு வாரம். கடைசி அரை மாத்திரைதான் எல்லோருக்கும் கஷ்டம், அங்கே இரண்டு மாதம்கூட நிற்கலாம், அவசரமில்லை. ஒன்றரைக்கு இறங்கும் அந்த முதல் படியே தாங்கவில்லை என்றால், மெதுவாக வெளியேறும் குளோனசெபாமுக்கோ டயசெபாமுக்கோ மாற்றி, இன்னும் சின்னப் படிகளாகக் குறைக்க வழி இருக்கிறது. வயதானவர்களின் உடம்பில் டயசெபாம் நாள்கணக்கில் தங்கித் தள்ளாட்டம் தரும் என்பதால் அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளியிடுவது) என்று போட்ட மாத்திரையை மட்டும் உடைக்கக் கூடாது. மற்றதை மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை வெட்டியால் வெட்டுங்கள், அரிவாள்மனையில் வெட்டினால் ஒரு நாள் முக்கால், ஒரு நாள் கால் என்று போகும்.

விட முடியுமா என்ற சந்தேகம் வரும். முடியும். கனடாவின் கியூபெக்கில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வருடக்கணக்கில் இந்த மாத்திரைகளைப் போட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்துக்கடை வழியாக ஒரு விளக்கப் புத்தகத்தை அனுப்பினார்கள். இதன் ஆபத்து என்ன, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று மட்டும் அதில் இருந்தது. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுக்க விட்டிருந்தார்கள், புத்தகம் கிடைக்காதவர்களில் 5 சதவீதம். வெறும் தகவலே இவ்வளவு செய்தது.

இத்தனை மெனக்கெட்டு ஏன் விட வேண்டும், ஒரு மாத்திரையோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உறவினர்கள் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழும் 64 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள். சுகர் இருந்தால் இரண்டு, மூன்று முறை எழுவார். பாதி மயக்கம், விளக்கு போடாமல், ஈரத் தரையில் ஒரு கால். விழுந்தால் உடைவது இடுப்பு எலும்பு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதியவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. குறைத்து முடிக்கும் வரையாவது பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அல்பிரசோலம் போடும் காலத்தில் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் தரக் கூடாது. நம் ஊர் வெயிலில் படர்தாமரை இல்லாத வீடு இல்லை. தோல் டாக்டரிடம் போவார்கள், தூக்க மாத்திரையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். இட்ராகோனசோல் கல்லீரலில் அல்பிரசோலம் உடைவதைத் தடுத்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறி அம்மா பகலெல்லாம் தூங்கி வழிவார். கிளாரித்ரோமைசினும் அப்படித்தான். டிரமடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகளும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும்.

தூக்கத்துக்கு வேறு மாத்திரை கேட்டிருந்தீர்கள். சோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும் அதே ஏற்பியில்தான் உட்காருகிறது. பெண்கள் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10இலிருந்து 5 மி.கி. ஆகப் பாதியாக்கினார்கள். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்றவை நடந்ததால் 2019இல் கடும் எச்சரிக்கையும் வந்தது. அல்பிரசோலத்தை விட்டு இதில் ஏறுவது தீர்வல்ல. சளிக்குப் போடும் அவில் மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடும் பழக்கம் இங்கே உண்டு. முதியவர்களுக்கு அது மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு தரும், வேண்டாம். பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலினும் கிட்டத்தட்ட அப்படி. குவெட்டியாபின் கடுமையான மனநோய்க்கு உரியது, வெறும் தூக்கத்துக்காக அதை எழுதுவது எனக்குப் பிடிக்காது, எடையும் சுகரும் ஏறும். உடம்பே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் 2 மி.கி. பாதுகாப்பானது, பலன் சின்னது, அம்மா வயதில் முயன்று பார்க்கலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மேடைப் பதற்றத்துக்கு நல்லது, ஆஸ்துமா இருந்தால் தொடவே கூடாது.

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே இல்லை என்று 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு சொல்லிவிட்டது. தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை என்பார்கள். அதன் நடுநாயகம், படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. அம்மா ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார், நடுவில் தூங்குவது ஐந்து மணி நேரம் என்றால், மூன்று மணி நேரம் புரண்டுகொண்டே கவலைப்படப் பழகிவிட்டார் என்று அர்த்தம். பதினொன்றரை வரை படுக்கையறைப் பக்கமே போகாமல் இருக்கட்டும். வாசல் தெளிக்க ஐந்து மணிக்கு எழும் வழக்கம் இருந்தால் அதை மட்டும் விடவே வேண்டாம், ராத்திரி தூங்கினாலும் தூங்காவிட்டாலும் அதே ஐந்து மணி. தினமும் ஒரே நேரத்தில் எழுவதைப் போல தூக்கத்தைச் சீராக்குவது வேறில்லை. தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் போகட்டும். பகல் தூக்கம் கூடாது, மதியத்துக்குப் பிறகு காபி கூடாது. முதல் பத்து நாள் அம்மா உங்களைத் திட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு தூக்கம் ஒன்றாகச் சேர ஆரம்பிக்கும். இதை அல்பிரசோலம் குறைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

அமுக்கராவைப் பற்றி: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சின்ன அளவில் பலன் இருப்பதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் அல்பிரசோலத்துக்கு அது மாற்று இல்லை, விலகும்போது வரும் வலிப்பை அது தடுக்காது. மயக்க மாத்திரைகளோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம், தைராய்டு அளவை மாற்றலாம், அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் உண்டு. கொடுப்பதானால் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூச்சிரைப்புக்குப் போடும் டெரிஃபிலின், இன்ஹேலர், சளி சிரப் உட்பட. அவற்றில் சிலவே தூக்கத்தைக் கெடுக்கும். அம்மா குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று ஒரு ராத்திரி பக்கத்தில் படுத்துக் கவனியுங்கள். அப்படியிருந்தால் அல்பிரசோலம் அதை மோசமாக்கும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தைராய்டும் ரத்தச் சோகையும் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாலை மூன்றுக்கே விழித்து, அப்பாவை நினைத்து, இருந்து என்ன பயன் என்று பேசுகிறாரா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும், டாக்டரிடம் அவராகச் சொல்ல மாட்டார். அந்தப் பேச்சு இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு இலவச எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அப்படியானால் மாத்திரை அட்டைகள் எல்லாம் அம்மா கையில் இல்லாமல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.